ஒரு ஜிகாபிட் லைன், பதினாறு நொடி

சிங்கப்பூர் ஈசூனில் எங்களுடையது நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. இணையம் ஒரு ஜிகாபிட் ஃபைபர். வாடிக்கையாளர் ஒருவரின் சர்வர்களில் எந்தெந்த போர்ட், அதாவது இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட கதவு, திறந்து கிடக்கிறது என்று பார்த்துச் சொல்லும் வேலையை வீட்டிலிருந்தே செய்தேன். எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தேன். அது கையில் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. இங்கே கணினி முறைகேட்டுச் சட்டம் இருக்கிறது.

மொத்தம் 256 முகவரிகள், ஒவ்வொன்றிலும் 1,000 போர்ட். போர்ட்டுகளைத் தட்டிப் பார்க்கும் (ஸ்கேன் செய்யும்) என்மேப் மென்பொருளில் நொடிக்கு 1,000 பாக்கெட் (சிறு தரவுத் துண்டு) என்று வேகத்தை வைத்துவிட்டு டீ போடப் போனேன். தண்ணீர் கொதிப்பதற்குள் பையன் அறையிலிருந்து குரல் கொடுத்தான்: "அப்பா, நெட் போயிடுச்சு!"

ஆனால் ஹாலில் அம்மா தஞ்சாவூரில் இருக்கும் சித்தியோடு வீடியோவில் பேசிக்கொண்டுதான் இருந்தார். படம் கொஞ்சம்கூட உறையவில்லை. பையனுக்கோ ஒரு பக்கமும் திறக்கவில்லை. இந்த முரண்பாட்டை அன்றே யோசித்திருந்தால் இரண்டு மாலைகள் மிஞ்சியிருக்கும். வைஃபையைச் சந்தேகப்பட்டேன். ரூட்டரை அணைத்துப் போட்டேன். இணைய நிறுவனத்துக்கு போன் செய்தேன். லைன் நன்றாக இருக்கிறது என்றார்கள். அது உண்மைதான்.

மூன்றாம் நாள் ரூட்டருக்குள் நுழைந்து அதன் லாகை (நிகழ்வுப் பதிவை) திறந்தேன். ஒரே வரி, நூற்றுக்கணக்கில்: 'கான்ட்ராக் டேபிள் ஃபுல், ட்ராப்பிங் பாக்கெட்.' இணைப்புகளைக் குறித்து வைக்கும் பட்டியல் நிரம்பிவிட்டது, பாக்கெட்டைக் கைவிடுகிறேன் என்று பொருள்.

ஊர்க் கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுப்பார்களே, அதே கதைதான். வீட்டிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு இணைப்புக்கும் ரூட்டர் ஒரு டோக்கன் போட்டு வைக்கும். பதில் வந்தால் யாரிடம் சேர்ப்பது என்று தெரிய வேண்டுமே. என் ரூட்டரில் 16,384 டோக்கன்கள். நான் தட்டிய கதவுகளில் பெரும்பாலானவை, வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலுக்குப் பின்னால் பதிலே சொல்லாதவை. அப்படிப் பதில் வராத டோக்கனை ரூட்டர் 120 நொடி பிடித்து வைத்திருக்கும். நொடிக்கு 1,000 போனால் பதினாறே நொடியில் டோக்கன் எல்லாம் தீர்ந்துவிடும். முன்பே டோக்கன் வாங்கிய அம்மாவின் அழைப்புக்கு ஒன்றும் ஆகவில்லை; புதிதாக வந்த பையனுக்குத்தான் இடமில்லை.

இத்தனைக்கும் அந்த ஸ்கேன் எடுத்துக்கொண்ட வேகம் ஒரு மெகாபிட் கூட இல்லை. அவ்வளவு சின்னச் சின்ன பாக்கெட்டுகள். லைன் எவ்வளவு பெரிது என்று மட்டும் பார்த்தால் இது கண்ணில் படவே படாது. வீட்டிலிருந்து ஸ்கேன் ஓட்டுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ரூட்டரின் இந்த டோக்கன் எண்ணிக்கையைத்தான்.

அப்புறம் கணக்கு சுலபம். நொடிக்கு 100 என்று குறைத்தால், 120 நொடியில் 12,000. மீதி நாலாயிரத்துச் சொச்சம் வீட்டாருக்குப் போதும். டேபிளைப் பெரிதாக்கவும் வழி உண்டு. சின்ன ரூட்டரின் நினைவகத்தை நம்பி அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. பெரிய ஸ்கேன்களை இப்போது வாடகை சர்வரிலிருந்து ஓட்டுகிறேன், அந்த நிறுவனம் ஸ்கேனுக்கு என்ன விதி வைத்திருக்கிறது என்று படித்த பிறகு.

வேகத்தை 100 ஆகக் குறைத்த அன்று, மறுமுயற்சிகளோடு சேர்த்து ஸ்கேன் முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ரூட்டரில் டோக்கன் எண்ணிக்கை 12,500-ஐத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தாண்டவில்லை. நடுவில் அம்மா அழைப்பை முடித்துவிட்டு, ஏதோ சொல்ல மறந்துவிட்டதென்று சித்தியை மறுபடி கூப்பிட்டார். உடனே மணி அடித்தது.