எக்ஸ்ட்ரெமதுரா போகிறவர்களுக்கு: எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும்

ஸ்பெயின் என்றால் பார்சிலோனா, மாட்ரிட், செவியா என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம். மாட்ரிட்டிலிருந்து ஏ-5 நெடுஞ்சாலையில் தென்மேற்கே இரண்டரை மணி நேரம் ஓட்டினால் த்ருஹீயோ வந்துவிடும். அங்கிருந்து போர்ச்சுகல் எல்லை வரை விரிந்து கிடக்கிறது எக்ஸ்ட்ரெமதுராவின் காசெரெஸ் மாகாணம். ரோமானியப் பாலம், பேரரசர் கண்மூடிய மடம், செர்ரிப் பள்ளத்தாக்கு, ஐரோப்பா முழுவதிலிருந்தும் பறவை பார்ப்பவர்கள் தேடி வரும் ஒரு தேசியப் பூங்கா, எல்லாமே இதற்குள் அடங்கும். கிராமப்புற ஸ்பெயினைப் பார்க்க ஒரே ஒரு பகுதிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் தயங்காமல் இதைச் சொல்வேன்.

இங்கே ஏமாந்து போகிறவர்கள் பெரும்பாலும் தூரத்தை மட்டும் கணக்குப் போட்டவர்கள். கூகுள் மேப்பைப் பார்த்தால் ஒரே நாளில் நான்கு இடம் அடங்கிவிடும் போலத்தான் தெரியும். ஊர்க் கடிகாரம் அதற்கு இடம் கொடுக்காது. மடங்களும் அருங்காட்சியகங்களும் பெரும்பாலும் மதியம் ஒன்றரை, இரண்டு மணிக்குப் பூட்டிவிட்டு நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். திங்கட்கிழமை பல இடங்களில் முழுநாள் விடுமுறை. கிராமத்து உணவகங்களில் மதியச் சாப்பாடு இரண்டு மணியை ஒட்டி, இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். மாலை ஆறு மணிக்குப் பசியோடு போய் நின்றால் காபியும் பொட்டலச் சிப்ஸும்தான் கிடைக்கும். ஆகவே கட்டடத்துக்குள் பார்க்க வேண்டியது காலையில், இரண்டு மணிக்கு நிதானமான சாப்பாடு, வெளியில் நின்று பார்க்க வேண்டியது மாலையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன தேசியப் பூங்காவான மொன்ஃப்ரக்வே மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதற்கு ஒரு முழு நாளைக் கொடுத்துவிடுங்கள்.

தாஹோ, தியேதார் ஆறுகள் கூடும் இடத்தைச் சுற்றி சுமார் 18,000 ஹெக்டேரில் இருக்கிறது மொன்ஃப்ரக்வே. 2007-இல் தேசியப் பூங்காவானது. முதல் எச்சரிக்கை ரயிலில் வருகிறவர்களுக்கு. மொன்ஃப்ரக்வே என்றே பெயர் கொண்ட ரயில் நிலையம் ஒன்று உண்டு. பெயரை நம்பி அங்கே இறங்கிவிட வேண்டாம். அது பூங்காவுக்கு வெளியே ஒதுக்குப்புறத்தில் இருக்கும் ஒரு சந்திப்பு நிலையம். வாசலில் டாக்சி காத்திருக்காது, பூங்காவுக்கு நடந்து போகும் தூரமும் இல்லை. பிளாசென்சியாவிலோ த்ருஹீயோவிலோ தங்கி, காரில் வருவதே சரியான வழி. இரண்டு ஊர்களையும் இணைக்கும் இ.எக்ஸ்-208 சாலை பூங்காவை ஊடறுத்துப் போகிறது. பூங்காவுக்குள் இருக்கும் ஒரே ஊர் வியாரியால் தே சான் கார்லோஸ். வழிப்பறிக்காரர்களிடமிருந்து பயணிகளைக் காக்க மூன்றாம் கார்லோஸ் மன்னர் 18-ஆம் நூற்றாண்டில் குடியமர்த்திய சிற்றூர் இது. தகவல் மையம் இங்கேதான். வரைபடத்தை வாங்கும்போதே எந்தப் பாதை மூடியிருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள்.

சால்தோ தெல் ஹித்தானோ என்ற சாலையோரக் காட்சிமுனைக்கு எதிரே, ஆற்றுக்கு அக்கரையில், பென்யா ஃபால்கோன் பாறை செங்குத்தாக நிற்கிறது. அதன் விளிம்புகளில்தான் கிரிஃபன் பாறு கழுகுகள் கூடு வைக்கின்றன. காலை ஏழு மணிக்கே வந்து, "ஒன்றும் பறக்கவில்லையே" என்று கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. விரித்தால் சுமார் இரண்டரை மீட்டர் வரும் சிறகை வெறும் தசைவலுவால் அடித்துப் பறப்பது பாறுகளுக்குக் கட்டுப்படியாகாது. வெயில் ஏறி, தரை சூடாகி, காற்று மேலெழும்பும் வரை பாறையிலேயே உட்கார்ந்திருக்கும். பத்து மணி வாக்கில் ஒன்று கிளம்பும். அது வட்டமடித்து உயர்ந்ததைப் பார்த்ததும் மற்றவையும் அந்தக் காற்றைத் தேடி வந்துவிடும். அடுத்த அரை மணி நேரம் நிமிர்ந்து பார்த்தே கழுத்து வலிக்கும். மேகமூட்டமான நாளில் இது மேலும் தாமதமாகும்.

கிரிஃபனையும், கரும் பாறு என்ற இன்னொரு பாறு கழுகு இனத்தையும் பிரித்தறிவது எளிது. கிரிஃபனின் உடல் வெளிர் பழுப்பு, சிறகின் பின்பகுதி கருமை. வட்டமிடும்போது சிறகை லேசாக மேல்நோக்கி வளைத்துப் பிடிக்கும். கரும் பாறு முழுக்கக் கருமை, சிறகைப் பலகை போலத் தட்டையாக விரித்திருக்கும். இது பாறையில் கூடு வைப்பதில்லை, மரத்தில்தான் வைக்கும். ஆகவே காட்சிமுனையில் காத்திருப்பதைவிட காட்டுச் சரிவுகளின் மேலே தேடுங்கள். சிறியதாக, வெள்ளையும் கறுப்புமாக, மஞ்சள் முகத்தோடு ஒன்று போனால் அது மஞ்சள்முகப் பாறு. திருக்கழுக்குன்றத்தில் சோறு வைத்து அழைத்த அதே இனம். பிப்ரவரி, மார்ச்சில் ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே வந்து செப்டம்பர் வாக்கில் திரும்பிவிடும். கருநாரையும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் வந்து போகிறது. எனவே மார்ச் நடுவிலிருந்து மே வரை வருவது உத்தமம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அப்போது மதியத்தில் நடைப்பாதைகளில் ஏறுவது ஆபத்து.

எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலர் போதும். அதற்கு மேல் பெரிதாக்கினால் கை நடுக்கமும் பெரிதாகும். கூட்டைப் பார்க்க வேண்டுமென்றால் முக்காலியோடு தொலைநோக்கி வேண்டும். பாதிப் பேர் காட்சிமுனையோடு திரும்பிவிடுகிறார்கள். மேலே கோட்டைக் கோபுரம் வரை ஏறுங்கள். அங்கே பாறுகள் கண் மட்டத்திலும் காலுக்குக் கீழேயும் பறக்கும், முதுகுச் சிறகின் ஓரங்கள் தனித்தனியாகத் தெரியும். கடைசி ஏற்றம் படிக்கட்டு. தண்ணீரை அடிவாரத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

பூங்காவைச் சுற்றியுள்ள நிலத்துக்கு இங்கே தெயேசா என்று பெயர். ஓக் மரங்களை இடைவெளி விட்டு வளர்த்து, அடியில் மாடு, ஆடு, பன்றி மேயவிடும் நிலம். பார்க்கக் காடு, நடப்பது விவசாயம். சாலையோரத் தக்கை ஓக் மரங்களை நின்று பாருங்கள். அடிமரம் பட்டை உரிக்கப்பட்டுச் செங்காவி நிறத்தில் இருக்கும், அதன்மேல் வெள்ளையில் ஒற்றை இலக்கம் எழுதியிருப்பார்கள். பட்டை உரித்த ஆண்டின் கடைசி இலக்கம் அது. 4 என்றால் 2024. குறைந்தது ஒன்பது ஆண்டுகள் கழித்துத்தான் அந்த மரத்தில் மீண்டும் கோடரி படும். கோடையில்தான் உரிப்பார்கள். அப்போதுதான் உள்மரம் காயப்படாமல் பட்டை கழன்று வரும்.

இந்த நிலமெல்லாம் பெரும்பாலும் தனியாருடையது. கறுப்பும் வெள்ளையுமாகக் குறுக்கே பிரித்த சிறு பலகை தெரிந்தால் அது தனியார் வேட்டை எல்லை. குளிர்கால வார இறுதிகளில் அங்கே துப்பாக்கி வேட்டை நடக்கும், வழி மூடியிருந்தால் திரும்பிவிடுங்கள். பொதுவழியில் குறுக்கிடும் கேட்டைத் திறந்தீர்கள் என்றால் அப்படியே மூடிவிட்டுப் போங்கள். மந்தைக்காவல் நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாதீர்கள், ஆடுகளை விட்டு விலகிச் சுற்றிப் போனால் அது நின்றுவிடும்.

ரோமானியப் பாலமான அல்காந்தரா பாலத்துக்கு மாலையில் போகலாம். கி.பி. 104 முதல் 106 வரை, ரோமப் பேரரசர் திராஜன் காலத்தில், காயுஸ் யூலியுஸ் லாசேர் என்ற பொறியாளர் கட்டியது. ஆறு வளைவுகள், நடுவே வெற்றி வளைவு, ஒரு முனையில் அவர் பெயர் பொறித்த சிறு கோயில். கருங்கற்களுக்கு இடையே சாந்து கிடையாது. கல்லின் எடையே கல்லைப் பிடித்து நிறுத்துகிறது. போர்களில் படை கடக்காமலிருக்க வளைவுகளை உடைத்ததும், பிறகு கட்டியதும் பலமுறை நடந்திருக்கிறது. மேலே நின்று பார்த்தால் சாதாரணச் சாலைப் பாலம் போலத்தான் தோன்றும். கரையில் இறங்கித் தூண்களின் அடியிலிருந்து நிமிர்ந்து பாருங்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் ஏமாற வேண்டாம், சற்று மேலே 1969-இல் முடிந்த அணை ஆற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. இன்னொன்று: எல்லை அருகில் என்பதால் போன் போர்ச்சுகல் டவரைப் பிடித்து ஒரு மணி நேரம் பின்னால் காட்டக்கூடும். மூடும் நேரத்தைப் போனை நம்பிக் கணக்கிடாதீர்கள்.

யூஸ்தே மடத்துக்குக் காலை திறக்கும்போதே போய்விடுங்கள், திங்கட்கிழமை வேண்டாம். ஐந்தாம் கார்லோஸ் பேரரசர் பட்டத்தைத் துறந்து 1557-இல் இங்கே வந்து, 1558 செப்டம்பரில் மலேரியாவில் இறந்தார். மூட்டுவாதத்தால் நடக்க முடியாதவர் என்பது கட்டடத்திலேயே தெரியும். படிக்கட்டுக்குப் பதில் சரிவுப்பாதை. படுக்கையிலிருந்தே பூசை பார்க்க, தேவாலயத்துக்குள் திறக்கும் படுக்கையறை. மடம் இருக்கும் லா வேரா பகுதியில்தான் புகையூட்டிய மிளகாய்த்தூள் தயாராகிறது. பழத்தை ஓக் விறகுப் புகையில் இரண்டு வாரம் போல உலர்த்தி அரைக்கிறார்கள். டப்பாவில் துல்சே என்றிருந்தால் காரமில்லாதது, பிகாந்தே என்றால் காரம். நம் நாக்குக்கு அந்தக் காரமும் மிதம்தான். காய்ந்த எண்ணெயில் போட்டால் நொடியில் கருகிக் கசக்கும், அடுப்பை அணைத்துவிட்டுத் தூவுங்கள்.

மலைக்கு அப்பால் ஹேர்தே பள்ளத்தாக்கு. செர்ரி பூப்பது மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ. குளிர் எப்படி இருந்தது என்பதைப் பொறுத்துத் தேதி நகரும், பூவும் பத்து நாளைத் தாண்டி நிற்பது அபூர்வம். டிக்கெட்டை முன்பே எடுத்தாயிற்று, தேதி ஒத்துவரவில்லை என்றால் பள்ளத்தாக்கில் ஏறியோ இறங்கியோ பாருங்கள். கீழ் ஊர்கள் முதலில் பூக்கும், உயரத்தில் இருப்பவை சில நாள் பின்தங்கும். வார இறுதியில் அந்த ஒற்றைச் சாலை நகராது, செவ்வாய் புதன் நல்லது.

குவாதலூபே மடம் 1993 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே சுற்ற முடியும். மதிய இடைவேளைக்கு முன் கடைசிக் குழுவைப் பிடிக்க, த்ருஹீயோவிலிருந்து வளைவுச் சாலைக்கு ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்குங்கள். பூசைப் பொருள்களும் உடைகளும் வைக்கும் அறையான சாக்ரிஸ்தியாவில் ஸ்பானிய ஓவியர் சுர்பரான் வரைந்த துறவிகளின் ஓவியங்களுக்காகவே போகலாம்.

கார் ஓட்ட இந்திய உரிமத்தோடு சர்வதேச அனுமதியும் எடுத்துச் செல்லுங்கள். ஊர்ச்சாலைகளில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். பழைய ஊர்களில் ஜிபிஎஸ் சொல்கிறதென்று உள்தெருவில் நுழைந்தால் காரின் பக்கக் கண்ணாடி சுவரில் உரசும். ஊர் விளிம்பில் நிறுத்திவிட்டு நடங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. ஹமோன் என்ற பன்றித்தொடை இறைச்சியும் சோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சியும் இங்கே தாளிப்பு மாதிரி, பீன்ஸிலும் ரொட்டித்தூள் மீகாஸிலும் இருக்கும். "சின் ஹமோன், சின் சோரிசோ, சின் அதூன்" என்று பெயர் சொல்லி மறுங்கள் (சின் என்றால் இல்லாமல், அதூன் என்றால் சூரை மீன்). பாலாடைக்கட்டியில் தோர்தா தெல் காசாரைத் தேடுங்கள். செம்மறிப் பாலை விலங்கு இரைப்பை நொதி இல்லாமல், ஒருவகை முட்செடியின் பூவைக் கொண்டு உறைய வைப்பது. ஃபிரிஜ்ஜிலிருந்து நேராக வெட்டினால் இறுகிக் கிடக்கும், சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைக்க வேண்டும். மேல் தோலை வட்டமாக வெட்டி மூடி போலத் தூக்கிவிட்டு, உள்ளே இளகியிருப்பதை ரொட்டியால் தொட்டுச் சாப்பிடுங்கள். மிச்சம் இருந்தால் அதே மூடியை வைத்து மூடி, தட்டையாகவே வையுங்கள். சாய்த்து வைத்தால் வழிந்து பைக்குள் வந்துவிடும்.