கார் பெயிண்டுக்கு டர்பைன் வாங்கும்போது

வீட்டு ஷெட்டில் கார் பெயிண்ட் அடிக்க டர்பைன், அதாவது ஸ்ப்ரே கன்னுக்குக் காற்றை ஊதித் தரும் மோட்டார், தேடினால் முதலில் கண்ணில் படுவது கன்னோடு மோட்டாரும் ஒட்டியிருக்கும் மலிவு மெஷின்தான். அது சுவருக்கும் இரும்பு கேட்டுக்கும் ஆகும், கடைசியில் பளபளப்புக்கு அடிக்கும் கிளியர் கோட்டுக்கு ஆகாது. பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட்ஸும் பெரிதாக எதையும் சொல்லிவிடாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கன்னின் முனையிலுள்ள ஏர் கேப்பில் காற்றழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ வரும்?

அதைத் தீர்மானிப்பது ஸ்டேஜ், அதாவது மோட்டாருக்குள் அடுக்கியிருக்கும் விசிறிகளின் எண்ணிக்கை. மூன்று ஸ்டேஜில் சுமார் 6 பிஎஸ்ஐ, நான்கில் 7 சொச்சம், ஐந்தில் 9 பக்கம் வரும். நிறையக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் ஊதும் இந்த எச்விஎல்பி முறைக்கு உச்சவரம்பே 10தான். அடிப்பூச்சான பிரைமருக்கு மூன்று ஸ்டேஜ் போதும். நிறம் தரும் பேஸ் கோட்டையும் அதில் சமாளிக்கலாம். ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே கிளியரில்தான் மாட்டிக்கொள்வோம். அது கெட்டி; காற்று போதாவிட்டால் துளி உடையாமல் பெரிதாகப் போய் விழுந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி நிற்கும். சரி என்று தின்னரைக் கூட்டினால் கதவில் வழியும். உள்ளே சிக்கிய தின்னர் பிறகு கொப்புளித்து ஊசித்துளை போடும். முழுக் காருக்கு என்றால் நான்குக்குக் கீழே இறங்காதீர்கள்.

கம்ப்ரஸரே போதாதா என்றால், எச்விஎல்பி கன் விடாமல் 10 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 10 கன அடி) அளவுக்குக் காற்று கேட்கும். வீட்டு 1 எச்பி கம்ப்ரஸர் பானெட்டின் பாதியிலேயே மூச்சு வாங்கும். மழைக்காலத்தில் லைனில் தண்ணீரும் வரும். டர்பைன் காற்றில் அந்தத் தொல்லை இல்லை; ஒரு 16 ஆம்ப் பிளக் பாயின்ட் போதும்.

ஆனால் அந்தக் காற்று சூடு. துளி பேனலைத் தொடுவதற்குள்ளேயே தின்னர் பறந்துவிடும். மே மாதத்து வெயிலும் சேர்ந்தால் மேற்பரப்பு எமரி பேப்பர் போலச் சொரசொரக்கும். அதனால் மெதுவாக ஆவியாகும் ஸ்லோ தின்னர் கட்டாயம். வேலையைக் காலையிலேயே முடிப்பது நல்லது. 25 அடி ஹோஸ் இருந்தால் சூடு ஓரளவு தணியும். அதற்கு மேல் நீட்டினால் பிரஷர்தான் இறங்கும்.

கன் வாங்கும்போது நாசில் தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள்: பேஸுக்கும் கிளியருக்கும் 1.3 மிமீ, பிரைமருக்கு 1.8 மிமீ. டிரிகரை விட்டதும் காற்று நிற்கும் நான்-பிளீடர் கன்தான் வேண்டும். சும்மா ஊதிக்கொண்டே இருக்கும் கன் தரைத்தூசியைக் கிளப்பி ஈரக் கிளியரில் ஒட்டவைக்கும்.

பெயிண்ட் விட்டு விட்டு அடித்தால் பலரும் நாசிலைக் கழற்றுவார்கள். முதலில் கப்புக்குக் காற்று போகும் சிறு குழாயில் உள்ள, காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வைப் பாருங்கள். கப்பை வழிய நிரப்பிச் சாய்த்தால் பெயிண்ட் அதற்குள் ஏறிக் காய்ந்துவிடும். கப் வாஷர் கசிந்தாலும் இதே கோளாறுதான். இரண்டையும் உபரியாக வாங்கி வையுங்கள்.

டர்பைனைப் பெயிண்ட் அடிக்கும் இடத்தில் வைக்கவே கூடாது. கார்பன் பிரஷ் மோட்டாரில் பொறி பறக்கும், சுற்றிலும் தின்னர் ஆவி. கதவுக்கு வெளியே வைத்து ஹோஸை மட்டும் உள்ளே விடுங்கள். ஃபில்டரும் பெயிண்ட் புகையில் அடைபடாது. 2கே ஹார்டனரில் மூச்சுக்கு ஆபத்தான ஐசோசயனேட் இருக்கிறது. வாசனை தெரியவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று ஆகாது. வெளிக்காற்று வரும் மாஸ்க் இல்லையென்றால் கிளியர் கோட்டை மட்டும் பூத் உள்ள பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள்.