அழுகையை விலைபேசும் நிகழ்ச்சிகள்

போட்டியாளர்களை ஒரே வீட்டில் தங்கவைத்துப் படம்பிடித்து, ஒவ்வொருவராக வெளியேற்றும் ‘பிக் பிரதர்’ நிகழ்ச்சி 1999-இல் நெதர்லாந்தில் தொடங்கியது; அதன் வடிவம், 2017-இல் ‘பிக் பாஸ்’ என்ற பெயரில் தமிழ்த் தொலைக்காட்சிக்கு வந்தது. இன்று வேலூர், குடியாத்தம் பக்கத்து வீடுகளிலும் இரவுச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு அதுவாகவே இருக்கிறது. நாள் முழுவதும் கேமராக்கள் பதிவு செய்பவற்றிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தை வெட்டி எடுப்பவர்கள், அமைதியாகப் பாத்திரம் கழுவியவரை விட்டுவிட்டு, குரலை உயர்த்தியவரையும் உடைந்து அழுதவரையுமே தேடிக் காட்டுகிறார்கள். இதைப் பார்த்து வளரும் பிள்ளைகள், ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசுவதே சாமர்த்தியம் என்று நம்பத் தொடங்குவது எனக்குப் பெருங்கவலை அளிக்கிறது.

சண்டையும் அவமானமும் நம் வட ஆற்காட்டுக் கூத்து மேடைக்குப் புதியவை அல்ல. திரௌபதியம்மன் கோயில் பாரத விழாக்களில் துகிலுரியும் காட்சியை ஊரே இரவெல்லாம் விழித்திருந்து பார்க்கும். ஆனால் அந்தக் கட்டத்தில் கற்பூரம் ஏற்றிக் கைகூப்புவார்கள், அவமானப்படுத்தப்பட்டவளின் பக்கமே மனம் சாயும். இப்போதோ யார் வெளியேறுவார் என்று ஆவலோடு காத்திருக்கிறோம், வெளியேறியவரின் சமூக வலைத்தளப் பக்கத்திற்கே சென்று வசையும் எழுதுகிறோம்.

சிறுவர் பாட்டுப் போட்டிகள் என்னை இன்னும் வருத்துகின்றன. நடுவரின் தீர்ப்பைக் கேட்டு விம்மும் குழந்தையின் முகத்தை நெருக்கமாகக் காட்டி, அதன்மேல் சோக இசையைச் சேர்த்து, விளம்பர இடைவேளைக்குப் பிறகு மறுபடியும் ஒளிபரப்புவதற்கு அந்தக் குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.