வரிப்பணம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி

பொது சுகாதாரப் படிப்பில் எனக்குக் கிடைத்த அறிக்கைத் தலைப்பு, குடிமக்களின் மருத்துவச் செலவை அரசுகள் எந்தப் பணத்தில் நடத்துகின்றன என்பது. சில நாடுகளை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். இதே வேலையில் இறங்குபவர்களுக்கு உதவலாம் என்று நான் போன வழியை எழுதுகிறேன்.

பாடப்புத்தகம் முதலில் இரண்டு பெட்டிகளைக் கையில் கொடுத்துவிடும். ஒன்று ஜெர்மனி: 1883-இல் அந்நாட்டு ஆட்சித் தலைவர் பிஸ்மார்க் காலத்தில் வந்த நோய்க் காப்பீட்டுச் சட்டம், தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து சந்தா கட்டுவது. மற்றது பிரிட்டன்: 1948 ஜூலை 5-இல் தொடங்கிய தேசிய சுகாதார சேவை, பெரும்பாலும் பொது வரியில் ஓடுவது. பரீட்சைக்கு இது போதும். ஆனால் நாடு நாடாகப் பார்க்க ஆரம்பித்தால் பெட்டி உதவாது. கானாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் என்னவோ தேசிய சுகாதாரக் காப்பீடு. 2003-இல் சட்டம் வந்தது. அதற்கு வரும் பணத்தில் பெரும்பங்கோ விற்பனையின்போது வசூலிக்கும் 2.5 சதவீதத் தீர்வை. காப்பீட்டு அட்டையே இல்லாதவரும் கடையில் பொருள் வாங்கும்போது அதற்குப் பணம் கட்டிவிடுகிறார்.

அதனால் பெயர்ப்பலகையை விட்டுவிட்டுப் பணத்தின் பின்னால் போனேன். யாரிடம் வாங்குகிறார்கள், எங்கே சேர்த்துவைக்கிறார்கள், ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொடுக்கிறார்கள் என்று மூன்று கேள்விகள். உலக சுகாதார நிறுவனத்தின் 2010 அறிக்கையும் ஏறக்குறைய இப்படித்தான் பிரிக்கிறது. முதல் கேள்வி சுலபம். அந்த நிறுவனத்தின் செலவுத் தரவுத்தளத்தில் அரசுப் பணம், கட்டாயக் காப்பீட்டுச் சந்தா, மக்கள் நேரடியாகக் கட்டும் கைக்காசு என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவதில் கொஞ்சம் தோண்ட வேண்டியிருந்தது. ஜெர்மனியில் காப்பீட்டு நிதியங்கள் ஏராளம். முதியவர்களும் நோயாளிகளும் அதிகமாக இருக்கும் நிதியம் நொடித்துப்போகாதா? 2009 முதல் சந்தா எல்லாம் ஒரு மத்திய நிதியில் சேர்கிறது. அங்கிருந்து உறுப்பினர்களின் வயது, பாலினம், நோய் பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறார்கள். தாய்லாந்தில் அரசு ஊழியர்களுக்கு ஒரு பை, தனியார் ஊழியர்களுக்கு ஒன்று, மீதி எல்லோருக்கும் 2002-இல் வந்த திட்டம். அரசு ஊழியர் பையில் தலைக்கு ஆகும் செலவு மற்றவற்றைவிட மிக அதிகம். “எல்லோருக்கும் மருத்துவம்” என்ற ஒரே வரியில் இது தெரியவே தெரியாது.

மூன்றாவது கேள்விதான் என் அறிக்கையில் பாதியை விழுங்கியது. பட்ஜெட் புத்தகம் இதற்கு உதவாது. ஒதுக்கீடு எவ்வளவு என்று சொல்லுமே தவிர, ஆஸ்பத்திரி எந்தக் கணக்கில் காசு வாங்குகிறது என்று சொல்லாது. கட்டண விதிகளைத் தனியாகத் தேடிப் படிக்க வேண்டும். அலுப்பான வாசிப்புதான், ஆனால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர், ஆஸ்பத்திரிக்குச் செலவான தொகையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. 1983 சட்டத்துக்குப் பிறகு, நோயின் வகைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தொகை நிர்ணயித்தார்கள். அப்புறம் நோயாளிகள் ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் குறைந்தன. தாய்லாந்தின் 2002 திட்டத்தில் வெளிநோயாளிகளுக்குப் பதிவு செய்தவர் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார்கள். அடிக்கடி வரவழைத்து மருத்துவமனை சம்பாதிக்க வழியில்லை. சிகிச்சையைச் சுருக்கிவிடுமோ என்று கண்காணிக்க வேண்டிய கவலை மட்டும் உண்டு.

எனக்குப் பிடித்தது கனடாவின் 1984 சட்டம். மருத்துவக் காப்பீட்டை மாகாணங்கள் நடத்துகின்றன, மத்திய அரசு பங்கு தருகிறது. காப்பீட்டில் அடங்கிய சேவைக்கு மருத்துவர்கள் நோயாளியிடம் கூடுதலாக வாங்கினால், அதே தொகை மாகாணத்துக்கு வரும் மத்தியப் பணத்தில் வெட்டு. வழவழா கொழகொழா இல்லை.

கைக்காசு பற்றிய பகுதியில் பிரிட்டனுக்குத் திரும்பினேன். 1951-இல் செயற்கைப் பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் வைக்க முடிவெடுத்தபோது, தேசிய சுகாதார சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் அமைச்சர் பதவியையே விட்டார். மறு ஆண்டு மருந்துச் சீட்டுக்கும் கட்டணம் வந்தது. ஜப்பானுக்கு ஒரு பத்திதான் மிச்சமிருந்தது. 1961-லேயே எல்லோரையும் காப்பீட்டுக்குள் கொண்டுவந்த நாடு, இன்றும் பெரும்பாலானவர்களிடம் செலவில் 30 சதவீதம் வாங்குகிறது. ஆனால் மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் போகாது என்று வருமானத்தைப் பொறுத்து உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பைப் பற்றித்தான் வாய்மொழித் தேர்வில் அதிகம் கேட்டார்கள்.