எவர்சில்வர் காரும் ஷட்டர் ஸ்பிரிங்கும்

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் எனக்கு லேத் பட்டறை. விசைப்படகு எஞ்சின், புரொப்பெல்லர் ஷாஃப்ட், புஷ், இதுதான் சோறு போடுகிற வேலை. சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகன் இரண்டு வருஷத்துக்கு முன் பொங்கலுக்கு வந்தபோது போனில் ஒரு காரைக் காட்டி, "மாமா, இதைச் செஞ்சிரலாமா?" என்று கேட்டான். 1985இல் வந்த 'பேக் டு த ஃப்யூச்சர்' படத்தில் காலம் தாண்டிப் போகுமே, அந்த டிலோரியன். வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் பக்கம் ஒரு ஃபாக்டரியில் 1981இலிருந்து கொஞ்ச காலம் செய்தார்கள், மொத்தமே ஒன்பதாயிரம் சொச்சம்தான், அதற்குள் கம்பெனி படுத்துவிட்டது. அசலை வாங்குகிற பேச்சே இல்லை. நானும் பொங்கல் சாப்பிட்ட மயக்கத்தில் சரி என்று சொல்லிவிட்டேன்.

படத்தில் பார்க்கிற விளக்கு, வயர், பின்னால் இருக்கும் பெரிய குழாய்கள் எல்லாம் சுலபம். பாலிடெக்னிக் படிக்கிற இரண்டு பையன்கள் ஒரு மாதத்தில் முடித்துவிட்டார்கள், அவ்வளவு அழகாக. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. என் தூக்கத்தைக் கெடுத்தது கீழே இருக்கிற கார்தான்.

முதலில் எந்த வண்டியிலிருந்து எஞ்சினை எடுப்பது என்ற கேள்வி. வந்தவன் போனவன் எல்லாம் மாருதி 800ஐக் கை காட்டினான். அதில் எஞ்சின் முன்னால், டிலோரியனிலோ எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால், எடையில் மூன்றில் இரண்டு பங்கு பின்பக்கம்தான். முன்னால் எஞ்சினை வைத்துவிட்டு மேலே கூட்டை மாட்டினால், நிற்கும்போதே பின்பக்கம் காலி டப்பா என்று காட்டிக்கொடுத்துவிடும். பழைய டாடா நானோ ஒன்று வாங்கினேன். 624 சிசி, இரண்டே சிலிண்டர், ஆனால் எஞ்சின் பின்னால், இழுப்பதும் பின் சக்கரம். அசலில் இருப்பது 2849 சிசி, ஆறு சிலிண்டர், 130 குதிரைத்திறன். அதில் கால்வாசிதான் நம்மிடம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்படி மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு விடாது. இது பட்டறைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தென்னந்தோப்புக்குள் ஓடும், வெளியே போனால் லாரி மேல் போகும். அதைத் தெரிந்துகொண்டுதான் ஆரம்பித்தோம்.

ஃப்ரேம் அடித்து சக்கரம் மாட்டியபோது ஸ்போர்ட்ஸ் கார் என்றால் மூக்கு தாழ்ந்திருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்து முன் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிட்டேன். போட்டோ அனுப்பினால் மருமகன் உடனே கூப்பிடுகிறான். "மாமா, மூக்கு தூக்கி இருக்கணும். படத்தை நிறுத்திப் பாருங்க." நிறுத்திப் பார்த்தேன். ஆமாம், தூக்கித்தான் இருக்கிறது, லேசாக, கோவித்துக்கொண்ட மாடு மாதிரி. அமெரிக்க விதிகளுக்காக முன்பக்கத்தை உயர்த்தி விற்றிருக்கிறார்கள், டிசைன் பண்ணினவர் நினைத்த உயரம் அது இல்லை. ஆனால் படத்தில் ஓடியது அந்த உயரத்தில்தானே. வெட்டிய ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கினேன்.

சக்கரமும் அப்படித்தான். அசலில் முன்னால் 14 அங்குலம், பின்னால் 15. நான்கும் ஒரே அளவில் போட்டால் ஏனென்றே தெரியாமல் கண்ணுக்கு உறுத்தும். நானோவில் ஒரு சக்கரத்துக்கு மூன்றே நட்டு, நமக்கு வேண்டியது நான்கு. இரண்டையும் இணைக்கிற அடாப்டர் தட்டை லேத்தில் கடைந்தேன். முதல் செட்டில், மையம் சரியா என்று காட்டுகிற டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் அவசரப்பட்டதில் நடு மையம் அரை மில்லிமீட்டர் விலகி, இருபது கிலோமீட்டர் வேகத்துக்கே ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது. முப்பது வருஷமாக ஷாஃப்ட் கடைகிறவன் செய்கிற தப்பா இது! பையன்களிடம் டயர் சரியில்லை என்று சொல்லிவிட்டு ராத்திரி தனியாக உட்கார்ந்து மறுபடி கடைந்தேன்.

பாடி விஷயத்தில் மட்டும் ஊர் கை கொடுத்தது. டிலோரியனுக்கு அடிக்கூடு ஃபைபர், அதன் மேல்தான் எவர்சில்வர் தகடு. ஃபைபர் வேலைக்கு எங்கள் கரையில் ஆளா இல்லை? பாம்பனில் ஃபைபர் படகு செய்கிற அண்ணன் ஒருவர் கண்ணாடி இழை மேட்டும் அதில் பூசுகிற ரெசின் பசையும் எடுத்துக்கொண்டு வந்து, "இது தண்ணியில போறதா தரையில போறதா, அதை மட்டும் சொல்லு" என்று கேட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தார். விடியற்காலையில் மட்டும்தான் பூசுவார். வெயில் ஏறினால் கலக்கிய ரெசின் டப்பாவிலேயே சூடேறி இறுகிவிடும், மழைக்காலத்தில் நாள் முழுக்க இருந்தாலும் பிசுபிசுப்பு போகாது.

தகடு 304 கிரேடு எவர்சில்வர். படகுக்காரர்களுக்குத் தெரியும், உப்புக்காற்றுக்கு 316தான் தாங்கும், 304இல் கொஞ்ச நாளில் டீ சிந்தின மாதிரி பழுப்பு ஏறும். ஆனால் அசல் 304, அதனால் நானும் 304. எங்கள் காரில் டீ சிந்த கொஞ்ச நாள்கூட ஆகவில்லை, மூன்றே நாள். கதவுத் தகட்டில் கடுகு தெளித்த மாதிரி துருப்புள்ளி. எவர்சில்வரில் துருவா என்று சண்டைக்குப் போக இருந்தேன். நல்லவேளை போகவில்லை. தப்பு எங்கள் பட்டறையில். பக்கத்தில் இரும்பு ஆங்கிளை கிரைண்டரில் அறுத்திருக்கிறார்கள், பொறி பறந்து தகட்டில் ஒட்டியிருக்கிறது, துரு பிடித்தது அந்த இரும்புத் துகள்தான், தகடு அல்ல. அம்மா வந்து பார்த்துவிட்டு, "புளி போட்டுத் தேய்டா, குடம் தேய்க்கிற மாதிரி" என்றாள். தேய்த்தோம், முக்கால்வாசி போய்விட்டது. மீதியைப் பச்சை நாரால் தகட்டின் கோடு போகிற திசையிலேயே தேய்த்தோம். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் வெயிலில் கத்திக்கீறல் மாதிரி தெரியும். அதற்கப்புறம் இரும்பு அறுப்பதெல்லாம் தோப்பில்தான்.

இனி கதவு. மேலே இறக்கை மாதிரி திறக்கிற அந்தக் கதவு இல்லையென்றால் இந்தக் காரைச் செய்வதே வீண். ஹேட்ச்பேக் டிக்கியைத் தூக்குகிற கேஸ் ஷாக் கதவுக்கு இரண்டு போட்டேன். காலை ஆறு மணிக்குக் கதவு பாதி ஏறி, யோசித்து, மெதுவாக இறங்கிவிட்டது. மதியம் அதே கதவு, லாக்கை எடுத்ததும் படாரென்று மேலே அடித்து ஒரு பையனின் மோவாயைப் பதம் பார்த்தது. ஷாக்கை மாற்றினேன், கோணத்தை மாற்றினேன், ஒரு மாதம் போயே போய்விட்டது. அப்புறம்தான் உறைத்தது. உள்ளே இருப்பது வாயு. காலையில் 27 டிகிரி, மதியம் மூடின காருக்குள் 60. அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது, கதவோ நூல் பிடித்த சமநிலையில் நிற்கிறது.

அசலில் எப்படி வைத்தார்கள் என்று அப்போதுதான் ஒழுங்காகத் தேடினேன். கதவின் எடையைச் சுமப்பது கேஸ் ஷாக் அல்ல, கூரையில் படுத்திருக்கும் முறுக்குக் கம்பி. திரவ நைட்ரஜனில் குளிர வைத்து முறுக்கிய எஃகு. செய்து கொடுத்தது கிரம்மன், நிலாவில் மனிதனை இறக்கிய கலத்தைச் செய்த அதே கம்பெனி. ஷாக் இருப்பது துணைக்கு ஒரு கை கொடுப்பதற்கு மட்டும். எஃகுக்குக் காலையும் மதியமும் ஒன்றுதான்.

நைட்ரஜனுக்கு நான் எங்கே போவேன். இரண்டு நாள் கழித்துக் கடைத்தெருவில் டீ குடிக்கும்போது எதிரே ஒருவர் கடை ஷட்டரை ஒரு கையால் தூக்கினார். அவ்வளவு பெரிய தகரம், ஒற்றைக் கை. டீயை வைத்துவிட்டு ஷட்டர்காரருக்குப் போன் போட்டேன். பெட்டிக்கடை ஷட்டரில் வருகிற சின்ன ஸ்பிரிங்கைக் குழாய்க்குள் வைத்துக் கூரையில் படுக்கப் போட்டு, அவரே பைப் ரெஞ்சால் சுற்று ஏற்றினார். ஒன்றரைச் சுற்றில் கதவு அசையவில்லை, இரண்டரையில் எகிறியது, இரண்டேகாலில் ஒரு விரலால் தள்ளினால் மேலே போய் நின்றது. ஒல்லியான ஷாக் ஒன்று கூடப் போட்டோம். மறுநாள் காலை ஆறுக்கும் மதியம் இரண்டுக்கும் திறந்து பார்த்தேன், ஒரே மாதிரி.

சத்தம் மட்டும் ஆட்டோ சத்தம்தான், மாற்ற முடியாது. ஆனால் படத்திலேயே எஞ்சின் சத்தம் போர்ஷே 928 காருடையதாம், ஒட்டிச் சேர்த்தது. அவர்களே ஏமாற்றிய இடத்தில் நானும் ஒரு ஸ்பீக்கர் வைத்தேன். வேகம் காட்டுவதில் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. படத்தில் 88 மைல் தொட்டால்தான் காலம் தாண்டும், நம் கணக்கில் 142 கிலோமீட்டர், நானோ புதிதாக இருந்தபோதே அவ்வளவு போகாது. 20 மைலுக்கு 88 என்று காட்டும்படி மாற்றித் தரட்டுமா என்று பையன்கள் கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். மருமகன் வந்து தோப்பில் முதல் ரவுண்டு ஓட்டியபோது வேகம் காட்டுகிற சிவப்பு எண் 19 மைல் வரை போனது, அதற்குள் வேலி வந்துவிட்டது.

இடது கதவு மட்டும் வலதை விட ஒரு விரல் இறங்கி நிற்கிறது. கால் சுற்று போதும் என்று நினைக்கிறேன். ஷட்டர்காரரைச் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.