மாங்குளத்தில் மறித்த பழுப்புத் தண்ணீர்

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மனிடம் போவதற்காக யாழ்ப்பாணத்தில் இருந்து மச்சானின் பழைய டொல்பின் வானில் புறப்பட்டோம். 2020 இல் வாகன இறக்குமதி நின்று 2025 இல் திரும்பத் தொடங்கும்வரை இப்படியான வான்களைக் கைவிட யாருக்கும் மனம் வரவில்லை. எனக்கும் அந்த வான்மேல் தனிப் பாசம் உண்டு.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினோம். கொக்காவில் தாண்டியதும் சூடு காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கியது. மச்சான் ஏசியை நிறுத்தி, மெதுவாக உருட்டி, மாங்குளம் சந்திக்கு அருகே ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டார்.

மெக்கானிக் அண்ணை றேடியேற்றர் மூடியைத் தொட விடவில்லை. "ஆறட்டும் தம்பி, அவசரப்படாதீர்கள்" என்றார். மூடி இறுக்கமாக இருக்கும்வரை உள்ளே அழுத்தம் இருக்கும். 100 பாகை செல்சியஸைத் தாண்டினாலும் தண்ணீர் கொதிக்காது. அந்தச் சூட்டில் திறந்தால் அக்கணமே கொதித்து முகத்தில் பாயும். வேப்பமர நிழலில் கச்சான் கோது உடைத்தபடி காத்திருந்தோம்.

திறந்தபோது, பச்சையாக இருக்க வேண்டிய கூலன்ற், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், கலங்கிய செம்பழுப்பாக நின்றது. அண்ணை அதை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். எஞ்சின் ஒயில் அளவுக் கம்பியையும் உருவிப் பார்த்தார். கூலன்றில் ஒயில் பிசுக்கோ, ஒயிலில் பால் நிறமோ தெரிந்தால் எஞ்சின் தலைக்கும் கட்டைக்கும் இடையில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கஸ்கற் போயிருக்கக்கூடும். காரணத்தைத் திருத்தாமல் கழுவினால் அழுக்குத் திரும்பவும் சேரும். நல்லவேளை, இது வெறும் துருவும் சுண்ணப் படிவும்தான். வானை முன்பு வைத்திருந்தவர்கள் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி வந்திருக்க வேண்டும்.

"எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலிலேயே வெள்ளையாகப் படிகிறது. எஞ்சினுக்குள் மட்டும் படியாமல் இருக்குமா?" என்று கேட்டார். நம் ஊரில் தண்ணீர் உறையாதே, கூலன்ற் எதற்கு என்று நினைப்பவர்களுக்கும் அவரிடம் பதில் இருந்தது: இங்கே அதன் வேலை வார்ப்பிரும்பைத் துருவில் இருந்து காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும். அந்தக் காப்பு மருந்து ஆண்டுகள் போகப் போகத் தீர்ந்துவிடும்.

றேடியேற்றரை மட்டும் வடித்தால் பாதி அழுக்கு எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் எஞ்சின் கட்டையில் உள்ள வடிகால் ஆணியையும் கழற்றினார். சூட்டுக்கு ஏற்ப ஓட்டத்தைத் திறந்து மூடும் தேர்மோஸ்ரற்றை எடுத்துவிட்டு, தண்ணீரை எதிர்த்திசையில் செலுத்தினார். சிவப்பாக வந்த தண்ணீர் மெல்லத் தெளிந்தது. கடைசி அலசலுக்கு வடித்த நீர், அதாவது பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர். பிறகு அதே நீரும் புதுக் கூலன்றும் சரிபாதி. வேறு வகைக் கூலன்றுகளைக் கலக்கக்கூடாது, சில சேர்ந்தால் கூழாகி அடைத்துக்கொள்ளும் என்றார். எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை மூடியைப் பூட்டவில்லை.

எனக்கு அவர்மேல் பெருமதிப்பு வந்தது இன்னொரு காரியத்தால். வடித்த கூலன்றை ஒரு சொட்டும் நிலத்தில் விடாமல் ஒரு கலனில் பிடித்து மூடி வைத்தார். கூலன்றில் இருக்கும் எத்திலீன் கிளைக்கோல் என்ற நஞ்சு இனிக்கும்; மாடும் நாயும் நக்கிக் குடித்துச் சாகும். மாடுகள் வீதியிலேயே படுத்திருக்கும் வன்னியில் இதை எல்லாக் கராஜ்காரரும் செய்ய வேண்டும்.

இருட்டுமுன் வற்றாப்பளை சேர்ந்தோம். ஒட்டுசுட்டான் காட்டுவழி முழுவதும் முள் நடுவிலேயே நின்றது. பழைய வாகனத்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் கிளிநொச்சியிலேயே பற்றரித் தண்ணீர் இரண்டு போத்தல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.