அரியர் எழுதிப் பாஸான கதை: ஒவ்வொரு ஜன்னலுக்கும் மூன்று தேதி

நேற்று ராத்திரி ரிசல்ட் வந்தது. கணினி வரலாறு பேப்பரில் 74. போன தடவை இதே பேப்பர் 2 மார்க்கில் போனது. ரீவேல்யூவேஷனுக்குப் பணம் கட்டியும் ஒரு மார்க் ஏறவில்லை. விடைத்தாள் நகல் கைக்கு வந்ததும் கோபம் அடங்கிவிட்டது. தப்பு என்னுடையதுதான்.

மூன்றாம் யூனிட், 13 மார்க்: திரையில் ஜன்னல் ஜன்னலாக வேலை காட்டும் கணினிகள், மென்பொருள்களின் கதை. "விண்டோஸ் 1983, மேக்கின்டாஷ் 1984, ஆகவே ஆப்பிள்தான் மைக்ரோசாஃப்டைப் பார்த்துச் செய்தது" என்று ஒன்றரைப் பக்கம் அடித்து விட்டிருந்தேன். குறுக்கே ஒரே சிவப்புக் கோடு. 1983 நவம்பரில் வந்தது வெறும் அறிவிப்பு. விண்டோஸ் 1.0 விற்பனைக்கு வந்தது 1985 நவம்பர் 20. நடுவில் 1984 ஜனவரி 24-ஆம் தேதியே மேக் வந்துவிட்டது.

அதனால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். காட்டியது எப்போது, அறிவித்தது எப்போது, விற்றது எப்போது? மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதிப் படியுங்கள்.

- ஆல்டோ கணினி: 1973, ஜெராக்ஸ் கம்பெனியின் பார்க் (PARC) ஆய்வகம். கடைச் சரக்காக வரவே இல்லை. மூன்றாம் கட்டம் காலி. (நம் தெரு ஜெராக்ஸ் கடைக்குப் பேர் கொடுத்த அதே கம்பெனிதான்.)
- ஸ்டார்: ஜெராக்ஸ் விற்ற கணினி. 1981, விலை 16,595 டாலர்.
- விசிஆன்: ஜன்னல் காட்டும் மென்பொருள். 1982 நவம்பரில் காம்டெக்ஸ் கணினிக் கண்காட்சியில் காட்டினார்கள். கைக்கு வந்தது 1983 டிசம்பர்.
- லிசா: மேக்குக்கு முந்தைய ஆப்பிள் கணினி. அறிவித்தது 1983 ஜனவரி, 9,995 டாலர்.
- மேக்: மேலே சொன்ன தேதி, 2,495 டாலர்.

அப்புறம் படம். போன தடவை விண்டோஸ் 1.0-க்கு ஜன்னல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து நிழல்கூடப் போட்டேன். வீண். அதில் ஜன்னல்கள் தரையில் டைல்ஸ் பதித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறியது 2.0-இல், 1987 கடைசியில். 1988 மார்ச்சில் ஆப்பிள் மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குப் போட்டது. இந்தத் தடவை ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போட்டேன், அவ்வளவுதான்.

"ஆப்பிள் ஜெராக்ஸிடம் திருடியதா?" கேள்வி வந்தால் ஆமாம் இல்லை என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். 1979 கடைசியில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் கூட்டம் அந்தப் பார்க் ஆய்வகத்தைப் பார்க்கப் போனது சும்மா இல்லை. பதிலுக்கு ஆப்பிள் பங்குகளை வாங்க ஜெராக்ஸுக்கு இடம் கொடுத்தார்கள். எனக்குப் பிடித்தது ஆப்பிள் புரோகிராமர் பில் அட்கின்சன் விஷயம். பாதி மறைந்து கிடக்கும் ஜன்னலுக்குள்ளும் படம் சரியாகப் பதிவதை அங்கே பார்த்ததாக அவருக்கு ஒரு நினைப்பு. உண்மையில் அங்கே அது கிடையாது. அவர்களால் முடிந்ததே என்று முட்டி மோதி, தானே செய்து முடித்துவிட்டார். இதை எழுதினால் பக்கம் தானாக நிறையும்.

குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவராது. விடியற்காலை, தனியாக, பென்சிலோடு. நாலாம் யூனிட்டை நான் தொடவே இல்லை. அமிகா கணினியும் எக்ஸ் விண்டோ மென்பொருளும் கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். நீங்கள் அப்படி விடாதீர்கள்.

ஹாலில் மணி அடித்ததும் கேள்வித்தாளைக்கூடப் பார்க்காமல் கடைசிப் பக்கத்தில் அந்த மூன்று கட்டத்தைப் போட்டுவிட்டேன். சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்து, "என்னப்பா, கணக்குப் பேப்பரா?" என்றார்.

"இல்ல சார், தேதி."